பேட்ஜ் போன பழைய மல்டி பர்ப்பஸ் மர மெஷின் எந்த ஊர், எந்த வருஷம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தம்பி, நீங்க கேட்டதை மத்தவங்களுக்கும் புரியற மாதிரி சுருக்கமா சொல்லிட்டு ஆரம்பிக்கிறேன். மெல்போர்ன்ல நீங்க வாங்கின பழைய வீட்டு கராஜ்ல ஒரு மர வேலை மெஷின் கிடைச்சிருக்கு. ரெண்டு உருண்டைக் குழாய், அது மேல ஒரு ஹெட் முன்ன பின்ன நகருது, அதையே லேத்தா வச்சுக்கலாம், வட்ட ரம்பமா வச்சுக்கலாம், டிஸ்க் சாண்டர் மாட்டிக்கலாம், குழாயோட மொத்தத்தையும் நிமிர்த்தி நிறுத்தினா டிரில்லிங் மெஷின். பேட்ஜ் இருந்த இடத்துல ரிவெட் ஓட்டை மட்டும்தான் இருக்கு. மோட்டார் வெளிய, பின்பக்கம் தொங்குது, அதுல 240 வோல்ட், 50 சைக்கிள், 1425 ஆர்பிஎம்னு போட்டிருக்கு. ஓரத்துல ஒரு டீலர் தகடு, கடைப்பேர் தேஞ்சு போயி "மெல்போர்ன் சி.1"ங்கறது மட்டும் படிக்க முடியுது. மேல பச்சை பெயிண்ட். பக்கத்து வீட்டுப் பெரியவர் இது 1930கள்ல வந்த ஜெர்மன் மெஷின்னு சத்தியம் பண்றார், நெட்ல இன்னொருத்தர் பச்சையா இருந்தா 60கள்ல வந்ததுன்னு சொல்லிட்டார். ரெண்டுல எது சரின்னு கேக்கறீங்க.

ரெண்டும் சரியில்ல. நீங்க சொன்ன அடையாளத்தை வச்சுப் பாத்தா இது அமெரிக்க ஷாப்ஸ்மித் 10ஈஆர், இல்லன்னா அதைப் பாத்து செஞ்ச காப்பி. அசலா இருந்தா 1947லேர்ந்து 1953க்குள்ள. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், ஏன்னா இதே மாதிரி பேட்ஜ் போன மெஷின் வேற யார்கிட்டயாவது இருந்தா அவங்களுக்கும் பயன்படணும்.

முதல்ல ஒரு விஷயத்தை மனசுல வாங்கிக்குங்க. கடல் தாண்டி ஏத்துமதியான மெஷின்ல நம்ம கண்ணு உடனே போற மூணு இடம் மோட்டார், பெயிண்ட், தகடு. இந்த மூணும்தான் நம்மள நல்லா ஏமாத்தும். மோட்டார் அந்தந்த நாட்டுக் கரண்டுக்கு ஏத்த மாதிரி மாத்தினதா இருக்கும், பெயிண்ட் யார் வேணா அடிச்சிருப்பாங்க, தகடு இறக்குமதி பண்ண ஏஜென்ட் ஒட்டினதா இருக்கும். யாரும் மாத்த மெனக்கெடாத பாகம்தான் உண்மை பேசும்: வார்ப்பு (உருக்கி ஊத்தின இரும்பு உடம்பு), ஸ்பிண்டில் (ஹெட்ல சுத்தற தண்டு), மரை, அந்த மெஷினோட அடிப்படை அமைப்பு. அதைப் பாத்து எந்தக் குடும்பம்னு முடிவு பண்ணிட்டு, அப்புறம்தான் வருஷத்துக்கு வரணும். வருஷம்னு வரும்போதும் ஒரே ஒரு வருஷம் கிடைக்கும்னு எதிர்பாக்காதீங்க. கிடைக்கறது ஒரு எல்லைதான், இந்த வருஷத்துக்கு முன்னாடி இருக்க முடியாது, இந்த வருஷத்துக்கு அப்புறம் இருக்க முடியாதுன்னு. மெஷின்ல அசலாவே இருக்கற பாகங்கள்ல எது ரொம்பப் புதுசோ அதுதான் கீழ் எல்லையை முடிவு பண்ணும், மத்ததெல்லாம் எவ்வளவு பழசா இருந்தாலும் கணக்குல வராது.

அமைப்புலேர்ந்து ஆரம்பிப்போம். வீட்டுல, சின்னப் பட்டறைல வச்சுக்கற மாதிரி வந்த பழைய மல்டி பர்ப்பஸ் மெஷின்களை ஏறக்குறைய மூணு ஜாதியாப் பிரிக்கலாம். ரெண்டு குழாய் போட்டு, ஒரே ஹெட்டை எல்லா வேலைக்கும் நகர்த்தி, நிமிர்த்தி நிறுத்தறது அமெரிக்க வழி. லேத்தை நடுவுல வச்சுட்டு அதோட ரம்பம், பிளேனர், பேண்ட்சான்னு ஒவ்வொண்ணா ஒட்டிக்கிட்டே போறது இங்கிலீஷ்காரன் வழி. லேத்தைப் பத்திக் கவலையே படாம ரம்பம், இழைக்கிற பிளேனர், திக்னஸர், ஸ்பிண்டில் மோல்டர் எல்லாத்தையும் ஒரே கனமான மேஜைக்குள்ள அடக்கறது ஆஸ்திரியா, பிரான்ஸ், பெல்ஜியம் பக்கத்து வழி, ஃபெல்டர், லூரெம், ராப்லாண்ட்லாம் இந்த வகைதான். இதுக்கு நடுவுல கலப்பும் உண்டு, ஆனா தொண்ணூறு பங்கு இந்தப் பாகுபாடு வேலை செய்யும். உங்களோடது சந்தேகமே இல்லாம முதல் ஜாதி.

இந்த முதல் ஜாதிய உருவாக்கினவர் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட். ஜெர்மனிலேர்ந்து 1930கள்ல அமெரிக்காவுக்குக் குடிபோனவர். உங்க பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்ன ஜெர்மன் கதைக்கு ஏதாவது வேர் இருந்தா அது இதுவாத்தான் இருக்கும், ஆள்தான் ஜெர்மன், மெஷின் கலிஃபோர்னியா. உலகப் போர் முடிஞ்சு சிப்பாய்கள் எல்லாம் வீடு திரும்பி, புதுசு புதுசா வீடு கட்டி, கராஜ்ல தாங்களே மேஜை நாற்காலி செஞ்சுக்க ஆரம்பிச்ச நேரம் அது. அஞ்சு மெஷின் வாங்கக் காசும் கிடையாது, வைக்க இடமும் கிடையாது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் 1947ல ஷாப்ஸ்மித் 10ஈ வந்துச்சு, அப்புறம் அதுலயே சில திருத்தம் பண்ணி 10ஈஆர். மேக்னா எஞ்சினியரிங்னு கம்பெனி பேர். மான்ட்கமரி வார்ட்ங்கற பெரிய கேட்டலாக் கடை மூலமா வித்தாங்க, அள்ளிக்கிட்டுப் போனாங்க ஜனங்க.

1953 கடைசில மார்க் 5 வந்துச்சு. இங்கதான் உங்க மெஷினுக்கு வேண்டிய பெரிய திருப்பம். 10ஈஆர்ல மோட்டார் ஹெட்டுக்கு வெளிய தனியாத் தொங்கும், படி படியா இருக்கற புல்லில பெல்ட்டைக் கையால மாத்திப் போட்டு ஸ்பீடை மாத்தணும். மார்க் 5ல மோட்டார் ஹெட்டுக்குள்ளயே போயிடுச்சு, முன்னாடி ஒரு டயல், ஓடும்போதே திருப்பி ஸ்பீடை ஏத்தி இறக்கலாம், 700லேர்ந்து 5200 வரைக்கும் நம்பர் போட்டிருக்கும். இந்த ஒண்ணைப் பாத்தாலே போதும், இருபதடி தூரத்துல நின்னே சொல்லிடலாம். உங்க மோட்டார் வெளிய இருக்கு, அதனால அது மார்க் 5 இல்ல. அசல் ஷாப்ஸ்மித்தா இருந்து மார்க் 5 இல்லன்னா 60கள்ங்கற பேச்சுக்கே இடமில்ல.

அப்ப பச்சைங்கற கதை எங்கேர்ந்து வந்துச்சுன்னா, 60களோட முதல் பாதில மேக்னா அமெரிக்கன்ங்கற பேர்ல வந்த மார்க் 5 பச்சையா இருக்கும், சேகரிக்கறவங்க அதை "கிரீனி"ன்னே கூப்பிடுவாங்க. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி வந்த பழுப்புத் தங்கக் கலருக்கு "கோல்டி"ன்னு பேர். அதுக்கும் முன்னாடி சாம்பல். மார்க் 5 வச்சிருக்கறவருக்கு இந்தக் கலர் விவரம் தங்கம், உங்களுக்குப் பிரயோஜனமே இல்ல. உங்க மெஷினோட பச்சையை நகத்தால சுரண்டிப் பாருங்க, டேபிளோட அடிப்பக்கம், குழாயைக் கவ்வுற இடத்து உள்பக்கம், போல்ட் தலைக்கு அடில, இங்கெல்லாம் ரெண்டாவது கோட் அடிக்கறவன் பிரஷ் போகாது. அங்க சாம்பல் தெரிஞ்சா பச்சை யாரோ கராஜ்ல மிச்சமிருந்த பெயிண்டை அடிச்சது, அவ்வளவுதான்.

மார்க் 5 வச்சிருக்கறவங்களுக்காக கம்பெனிப் பேர் மாறின வரிசையையும் சொல்லிடறேன், தகடு இருந்தா இதுதான் ரொம்ப சுலபமான வழி. முதல்ல மேக்னா, 50களோட கடைசில யூபாங்கற கம்பெனி கைக்குப் போயி யூபா பவர் ப்ராடக்ட்ஸ், அப்புறம் மேக்னா அமெரிக்கன், 60களோட நடுவுல உற்பத்தியே நின்னுபோச்சு. 1972ல ஜான் ஃபோல்கெர்த்ங்கறவர் உரிமையை வாங்கி ஓஹையோ மாநிலத்துல டேட்டன் பக்கம் ஷாப்ஸ்மித் இன்க்னு மறுபடி ஆரம்பிச்சார். அதனால தகட்டுல ஷாப்ஸ்மித் இன்க், டேட்டன்னு இருந்தா 1972க்கு அப்புறம்தான், எவ்வளவு பழசாத் தெரிஞ்சாலும் சரி. பழசுல "மார்க் 5"னு எண்ணுல எழுதுவாங்க, இந்தப் பிந்தின காலத்துல ரோமன் எழுத்து வி. மோட்டார் சக்தியும் துணைக்கு வரும், ஆரம்பத்துல முக்கால் ஹெச்பி, 60கள்லேர்ந்து ஒண்ணே அரைக்கால் ஹெச்பி, அதாவது ஒண்ணும் எட்டுல ஒரு பங்கும். ஒரு சிக்கல் என்னன்னா மார்க் 5 பாகமெல்லாம் பல பத்து வருஷமா ஒண்ணுக்கொண்ணு பொருந்தற மாதிரியே செஞ்சுட்டு வந்திருக்காங்க, 50கள்ல வந்த காலு, 60கள்ல வந்த டேபிள், 80கள்ல வந்த ஹெட்னு கலந்து கட்டி நிக்கற மெஷின் நிறைய. அந்த மாதிரி ஒண்ணுக்கு என்ன வருஷம்னு கேட்டா எந்தப் பாகத்தைக் கேக்கறீங்கன்னு திருப்பிக் கேக்க வேண்டியதுதான்.

சரி, உங்களோடது அசல் ஷாப்ஸ்மித்தா காப்பியான்னு எப்படி உறுதி பண்றது? ஸ்பிண்டிலைப் பாருங்க. இங்க நிதானமாப் பாக்கணும். மேல மாட்டியிருக்கற டிஸ்க்கையோ டிரில் சக்கையோ கழட்டணும், அது மரை போட்டு ஏத்தினதா இருக்காது, பக்கவாட்டுல ஒரு சின்ன ஓட்டைக்குள்ள ஆலன் கீ போடற ஸ்குரூ இருக்கும். அதைத் தளர்த்தினா மொத்தமும் அப்படியே உருவிக்கிட்டு வரும். உள்ள தெரியற ஷாஃப்ட் வழவழன்னு இருக்கும், மரையே இருக்காது, ஒரு பக்கம் மட்டும் தட்டையா சீவி விட்டிருக்கும், ஆலன் ஸ்குரூ வந்து உக்கார்றதுக்கு. வெர்னியர் வச்சு அளந்தா 15.9 மில்லிமீட்டர் கிட்ட வரும், அதாவது எட்டுல அஞ்சு இன்ச். இதுதான் ஷாப்ஸ்மித்தோட கையெழுத்து. 10ஈஆர்லயும் இதுதான், மார்க் 5லயும் இதுதான், அதனாலதான் அறுபது எழுபது வருஷத்து சக்கு, பிளேடு மாட்டற ஆர்பர் எல்லாம் இன்னைக்கும் மாறி மாறிப் பொருந்துது. தட்டை சீவின பக்கத்துல ஸ்குரூ கடிச்ச தழும்பு வரிசையா இருந்தா, அந்த மெஷின் சும்மா நின்ன மெஷின் இல்லன்னும் தெரிஞ்சுக்கலாம்.

அடுத்தது மரை. ஒரே ஒரு அரை இன்ச் போல்ட் கிடைச்சாப் போதும். ஏன் அரை இன்ச்னா, கால் இன்ச்ல அமெரிக்க மரையும் இங்கிலீஷ் விட்வொர்த் மரையும் ரெண்டுமே இன்ச்சுக்கு 20, பதினாறுல அஞ்சுல ரெண்டுமே 18, எட்டுல மூணுல ரெண்டுமே 16, எண்ணிப் பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது, நட்டு கூட ஓரளவு மாறி ஏறிடும். அரை இன்ச்ல மட்டும்தான் விட்வொர்த் 12, அமெரிக்க யுஎன்சி 13. ஸ்கேலை மரை மேல நீளவாக்குல வச்சு ஒரு இன்ச்சுக்குள்ள எத்தனை மேடுன்னு எண்ணுங்க. 13 வந்தா அமெரிக்கா பக்கம், 12 வந்தா இங்கிலாந்து இல்ல ஆஸ்திரேலியாவுல செஞ்ச காப்பியோன்னு சந்தேகப்படணும். அரை இன்ச் போல்ட்டே இல்லன்னா த்ரெட் கேஜ் வச்சுக் கோணத்தைப் பாக்கணும், விட்வொர்த் 55 டிகிரி, அமெரிக்கன் 60. ஒத்தப் போல்ட்டை நம்பாதீங்க, தொலைஞ்ச போல்ட்டுக்குப் பக்கத்து ஹார்ட்வேர் கடைல கிடைச்சதைப் போட்டிருப்பாங்க. வார்ப்புக்குள்ளயே வெட்டின மரை, அதாவது போல்ட் ஏறற ஓட்டை, அதுதான் சாட்சி. மெட்ரிக் மரை வார்ப்புலயே இருந்துச்சுன்னா இது தைவான் பக்கத்துலேர்ந்து பின்னாடி வந்த காப்பியான்னு யோசிக்கணும், மார்க் 5 மாதிரியே 80கள்ல "டோட்டல் ஷாப்"னு ஒண்ணு அங்கேர்ந்துதான் வந்துச்சு. ஆனா அது மார்க் 5 சாயல், மோட்டார் வெளிய தொங்காது.

இப்ப மோட்டாருக்கு வருவோம். 1425ங்கறது 50 சைக்கிள் கரண்டுல நாலு போல் மோட்டார் ஓடற வேகம். இதே மோட்டார் அமெரிக்காவுல 60 சைக்கிளுக்கு செஞ்சதா இருந்தா 1725னு போட்டிருக்கும். ரெண்டு போல்னா அங்க 3450, 50 சைக்கிள் நாட்டுல 2850. இந்த நாலு எண்ணை மனப்பாடம் பண்ணி வச்சுக்குங்க, எந்தப் பழைய மெஷினைப் பாத்தாலும் மோட்டார் எந்தக் கரண்டுக்குப் பிறந்ததுன்னு உடனே தெரியும். உங்க மோட்டார் 240 வோல்ட், 50 சைக்கிள், அமெரிக்க வீட்டுக் கரண்டு இல்ல. ஆக மெஷின் வந்தப்பவே ஏஜென்ட் உள்ளூர் மோட்டார் போட்டுக் குடுத்திருக்கலாம், இல்ல யாராவது ஊர் மாறி வரும்போது கொண்டு வந்து இங்க மாத்தியிருக்கலாம். 10ஈஆர்ல மோட்டார் வெளிய இருக்கறதால மாத்தறது அரை மணி வேலை. அதனால மோட்டார்ல என்ன வருஷம் கிடைச்சாலும் அது மோட்டாரோட வருஷம், மெஷினோடது இல்ல.

மார்க் 5க்கு இது இன்னும் வேடிக்கையா ஆகும். 60 சைக்கிளுக்குக் கணக்குப் போட்டு அச்சடிச்ச டயல், 50 சைக்கிள்ல ஓடினா ஆறுல அஞ்சு பங்கு வேகம்தான் வரும், டயல் 5200ன்னு காட்டும்போது நிஜத்துல 4300 சொச்சம், 700ங்கற இடத்துல 580 சொச்சம். தப்பு ஒண்ணும் இல்ல, லேத் வேலைக்கு அந்தக் குறைஞ்ச வேகம் நல்லதுதான்னு நான் சொல்வேன். ஆனா 60 சைக்கிளுக்குன்னு சுத்தின மோட்டாரை டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் போட்டு 50ல ஓட்டினா சூடேறும், கவனம்.

மோட்டார் தகட்டுல "சைக்கிள்"னு இருக்கறதும் ஒரு குறிப்புதான். ஹெர்ட்ஸ்ங்கற அலகை 1960லதான் சர்வதேச எடை அளவு மாநாடு முறைப்படி ஏத்துக்கிச்சு, இங்கிலீஷ் பேசற நாட்டுத் தகடெல்லாம் அந்தப் பத்து வருஷத்துல மெல்ல மாறுச்சு. சைக்கிள்னு இருந்தா ஏறக்குறைய 1970க்கு முன்னாடின்னு வச்சுக்கலாம். 25 சைக்கிள்னு ஒரு தகட்டைப் பாத்தா அச்சுப் பிழைன்னு நினைச்சுடாதீங்க, கனடாவுல தெற்கு ஒண்டாரியோ பக்கம் அந்தக் கரண்டுதான் இருந்துச்சு, 1949லேர்ந்து பத்து வருஷம் வீடு வீடாப் போயி 60க்கு மாத்தினாங்க. உங்க ஆஸ்திரேலியாவுலயே பெர்த்ல ஒரு காலத்துல 40 சைக்கிள். அந்த மாதிரி மோட்டாரோட ஒரு மெஷின் கிடைச்சா எந்த ஊர்ல வேலை செஞ்சதுன்னு மோட்டாரே சொல்லிடும்.

டீலர் தகடு. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான், யாரும் கவனிக்க மாட்டாங்க, அதனால யாரும் போலியாவும் செய்ய மாட்டாங்க. மெல்போர்ன் சி.1ங்கறது 1928ல வந்த பழைய தபால் மண்டல எண். 1967 ஜூலைல ஆஸ்திரேலியா முழுக்க நாலு இலக்க போஸ்ட்கோடு வந்ததும் அது போயிடுச்சு. ஆக உங்க மெஷின் 1967க்கு முன்னாடி அந்தக் கடை வாசலைத் தாண்டியிருக்கு. மேல் எல்லை கிடைச்சாச்சு பாருங்க. இந்த வித்தை எந்த நாட்டுத் தகட்டுக்கும் செல்லும். அமெரிக்கத் தகட்டுல அஞ்சு இலக்க ஜிப் கோடு இருந்தா 1963 ஜூலைக்கு அப்புறம், ஊர்ப்பேருக்கும் மாநிலத்துக்கும் நடுவுல ஒரு இலக்கமோ ரெண்டு இலக்கமோ உள்ள எண் இருந்தா 1943க்கும் 1963க்கும் நடுவுல. ஜெர்மன் தகட்டுல நாலு இலக்கம்னா 1961க்கு அப்புறம், அஞ்சு இலக்கம்னா 1993 ஜூலைக்கு அப்புறம். ஆஸ்திரியா 1966, சுவிட்சர்லாந்து 1964. மேற்கு ஜெர்மனின்னு நாட்டுப்பேர் இருந்தா 1949க்கும் 1990க்கும் நடுவுல, ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்னு இருந்தா 1952க்கு முன்னாடி. சிஇங்கற ஐரோப்பிய முத்திரை இருந்தா 90கள் இல்ல அதுக்கும் அப்புறம், அதுக்கு முன்னாடி யோசிக்க ஒண்ணுமில்ல. உங்க பெரியவர் சொன்ன மாதிரி இது 30கள்ல வந்த ஜெர்மன் மெஷின்னா மரையெல்லாம் மெட்ரிக்கா இருக்கும், ஸ்பிண்டில் மில்லிமீட்டர்ல முழு எண்ணா வரும், எங்கயாவது ஒரு ஜெர்மன் எழுத்தாவது வார்ப்புல இருக்கும்.

அமெரிக்க மெஷின்ல பேட்டன்ட் எண் எங்கயாவது வார்த்திருந்தா அதையும் பாருங்க. அமெரிக்க பேட்டன்ட் வரிசையா ஓடற எண், 1950 ஆரம்பத்துல 2,492,944, 1955ல 2,698,434, 1960ல 2,919,443, 1970ல 3,487,470. உங்ககிட்ட இருக்கற எண் எந்த ரெண்டுக்கு நடுவுல விழுதோ அந்தக் காலத்துல குடுத்த பேட்டன்ட். ஆனா இது கீழ் எல்லை மட்டும்தான், அதே அச்சுல இருபது வருஷம் வார்த்துக்கிட்டே இருந்திருப்பாங்க. "பேட்டன்ட் பெண்டிங்"னு இருந்தா விண்ணப்பம் போட்டு இன்னும் கிடைக்காத காலம், பொதுவா அந்த மாடலோட ஆரம்ப வருஷங்கள். மேனுவல் கிடைச்சா அதுல இருக்கற காப்பிரைட் வருஷத்தை மெஷினோட வருஷம்னு எடுத்துக்காதீங்க, அது புஸ்தகம் அச்சான வருஷம்.

சின்னச் சின்ன சாமான்களும் பேசும். ஸ்குரூ தலைல பிலிப்ஸ் கூட்டல் குறிக்கு நடுவுல சாய்வா இன்னும் நாலு மெல்லிய கோடு இருந்தா அது போசிட்ரிவ், 60கள்ல இங்கிலாந்துலேர்ந்து பரவினது. பேரிங்ல ஹாஃப்மன்னு இருந்தா பழைய இங்கிலீஷ் சரக்கு, ஆர்ஹெச்பின்னு இருந்தா 1969க்கு அப்புறம், ஏன்னா ஹாஃப்மன் உள்பட மூணு கம்பெனி சேர்ந்து அந்தப் பேர் உண்டானதே அந்த வருஷம்தான். இங்கிலீஷ் மெஷின்ல வொயர் சிவப்பு, கறுப்பு, பச்சைன்னு இருந்தா 1970க்கு முன்னாடி போட்டது, பழுப்பு, நீலம், பச்சை மஞ்சள்னா பின்னாடி. ஆனா பேரிங்கும் வொயரும் மாத்தற சாமான்தான், அதனால இதை மட்டும் வச்சு ஒண்ணும் தீர்ப்பு சொல்லாதீங்க, மத்ததோட ஒத்துப்போகுதான்னு பாக்க மட்டும் வச்சுக்குங்க.

ஒருவேளை இதைப் படிக்கற வேற யார்கிட்டயாவது ரெண்டு குழாய்க்குப் பதிலா ஒரே ஒரு தடிச்ச உருண்டைப் பார் மேல உக்காந்திருக்கற லேத், அதோட ரம்ப மேஜை பிளேனர்லாம் ஒட்டியிருக்கற மெஷின் இருந்தா, அது பெரும்பாலும் இங்கிலாந்துலேர்ந்து வந்தது. டெர்பி ஊர்ல செஞ்ச கொரொனெட் மேஜரா, நாட்டிங்ஹாம் பக்கம் பீஸ்டன்ல செஞ்ச மைஃபோர்ட் எம்எல்8ஆன்னு அடிக்கடி குழப்பம் வரும். ஸ்பிண்டில் மரையை அளந்தா முடிஞ்சது. மைஃபோர்ட் முழு ஒரு இன்ச், இன்ச்சுக்கு 12 மரை. கொரொனெட் மேஜர் எட்டுல ஏழு இன்ச், 16 மரை. கொரொனெட் மைனர்னா முக்கால் இன்ச், 16 மரை. கொரொனெட்ங்கற பேரை இப்ப ரெக்கார்ட் பவர் கம்பெனி தன் லேத்துகளுக்கு வச்சு விக்குது, அதனால கொரொனெட்னு எழுதியிருந்தாலே பழசுன்னு யாராவது விலை சொன்னா ரெக்கார்ட் பேரும் சேர்ந்து இருக்கான்னு பாத்துட்டு வாயைத் திறங்க.

லேசான அலுமினிய உடம்பு, நடுவுல மோட்டார், ஒரு பக்கம் ரம்பம், இன்னொரு பக்கம் பேண்ட்சா, சாண்டிங் டிஸ்க்னு இருந்தா ஆஸ்திரியாவோட எம்கோஸ்டார். 1947ல கார்ல் மையர் ஆரம்பிச்ச எம்கோ, ஊர் ஹாலைன். தகட்டுல வெறும் ஹாலைன்னு இருக்கா, 5400 ஹாலைன்னு இருக்கான்னு பாருங்க, 5400 இருந்தா 1966க்கு அப்புறம். இவ்வளவுதான் அதுக்கு.

நிஜமாவே 1930க்கு முந்தின மல்டி பர்ப்பஸ் மெஷின் எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கிட்டா உங்க பெரியவர்கிட்ட பேசவும் வசதியா இருக்கும். அது கராஜ்ல நிக்கற சைஸ்ல பெரும்பாலும் இருக்காது. இங்கிலாந்துல 19ஆம் நூற்றாண்டுலயே "ஜெனரல் ஜாயினர்"னு ஒண்ணு செஞ்சாங்க, ரம்பம், பிளேனிங், டெனன், மோல்டிங், துளை போடறது எல்லாம் ஒரே இரும்பு உடம்புல. வோர்ஸம், ரான்சம், ராபின்சன் எல்லாம் இதைச் செஞ்சு காலனி நாடுகளுக்கும் அனுப்பினவங்க, ஒரு ஊருக்கு ஒரே பட்டறை, ஒரே நீராவி எஞ்சின்ங்கற இடத்துக்கு அதுதான் தோது. அமெரிக்காவுல ஃபே அண்ட் ஈகன், லீடோனியா ஊர்ல கிரெசன்ட். அதெல்லாம் கனத்த வார்ப்பிரும்பு, தட்டை பெல்ட் ஓடற அகலமான புல்லி, பால் பேரிங்குக்குப் பதிலா ஈயக் கலவை ஊத்தின பேரிங், எண்ணெய் விடற குப்பி. ஃபே, ஈகன் ரெண்டும் தனித்தனிப் பேரா இருந்தா 1893க்கு முன்னாடி, சேர்ந்திருந்தா பின்னாடி. உங்க மெஷின்ல தட்டை பெல்ட்டும் இல்ல, ஈயப் பேரிங்கும் இல்ல, வி பெல்ட்டும் ஆலன் ஸ்குரூவுமா இருக்கு.

ஓட்டறதுக்கு முன்னாடி ஒரு விஷயம், பயமுறுத்தச் சொல்லல. கலிஃபோர்னியாவுல ஒருத்தருக்கு அவர் மனைவி 1955 கிறிஸ்துமஸுக்கு ஷாப்ஸ்மித் வாங்கிக் குடுத்தாங்க. 1957ல லேத்துக்கு வேண்டிய உதிரி சாமான் வாங்கி மாட்டி, பெரிய கட்டை ஒண்ணைக் கடைஞ்சுக்கிட்டு இருந்தப்ப அது பிச்சுக்கிட்டு வந்து நெத்தில அடிச்சிடுச்சு. கேஸ் போட்டார். பாகங்களைப் பிடிச்சு நிறுத்தற செட் ஸ்குரூ போதாது, சாதாரண அதிர்வுக்கே கட்டையோட மறுமுனையைத் தாங்கற டெயில்ஸ்டாக் பின்னாடி நகர்ந்து கட்டையை விட்டுடுதுன்னு நிபுணர்கள் சாட்சி சொன்னாங்க. 1963ல கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றத்துல நீதிபதி ரோஜர் டிரேனர் எழுதின தீர்ப்பு, குறையுள்ள சாமானை சந்தைல விட்டா கவனக்குறைவுன்னு தனியா நிரூபிக்க வேண்டாம், தயாரிப்பாளர்தான் பொறுப்புன்னு சொல்லிச்சு. சட்டக் கல்லூரிகள்ல இன்னைக்கும் பாடம், யூபா பவர் ப்ராடக்ட்ஸ் பேர் அதனாலதான் மெஷின் பக்கமே போகாத வக்கீல்களுக்கும் தெரியும். உங்களுக்கு இதுல வேண்டியது என்னன்னா, குழாயைக் கவ்வுற ஒவ்வொரு பூட்டையும் கழட்டிக் கிரீஸ், துரு, பெயிண்ட் எல்லாம் துடைச்சுட்டு இறுக்கிப் பாருங்க, டெயில்ஸ்டாக்கைக் கையால பலமா இழுத்து ஒரு மயிரிழை கூட நகரலன்னா மட்டும் கட்டையை ஏத்துங்க. பழைய ரம்பத்துக்கு கை படாம மறைக்கற கார்டு இல்லன்னா அதை ரம்பமா உபயோகிக்காதீங்க, லேத்தாவும் டிரில்லாவும் வச்சுக்கிட்டாலே அது தன் காசுக்கு உழைச்சிடும்.

விலைன்னு கேட்டா, பெரிய பொக்கிஷம் இல்ல, லட்சக்கணக்குல வித்த மாடல் வகை. ஆனா பேட்ஜ் இல்லாம வாங்கறவனுக்கு சாமான் கிடைக்குமாங்கறதுதான் பயம், எட்டுல அஞ்சு இன்ச் ஸ்பிண்டில்னு படத்தோட நிரூபிச்சுட்டா அந்தப் பயம் போயிடும். காயலான் கடைக்கு மட்டும் போட்டுடாதீங்க.

இப்போதைக்கு நாலு படம் போடுங்க: ஸ்பிண்டில் தட்டை பக்கம் தெரியற மாதிரி வெர்னியரோட ஒண்ணு, வார்ப்போட அடிப்பக்கத்துல எழுத்தோ எண்ணோ இருந்தா அது, புல்லியும் பெல்ட்டும் சேர்ந்து தெரியற மாதிரி பின்பக்கம், அப்புறம் பேட்ஜ் இருந்த இடத்துல ரிவெட் ஓட்டைக்கு நடுவுல எவ்வளவு தூரம்னு ஸ்கேல் வச்சு ஒண்ணு. கடைசிப் படம் ஏன்னா, பேட்ஜோட இருக்கற 10ஈஆர் வச்சிருக்கறவங்க யாராவது தங்களோடதை அளந்து சொன்னா ரெண்டையும் ஒப்பிட்டுடலாம், ஓட்டை ஒத்துப்போனா காப்பியாங்கற சந்தேகமும் தீர்ந்துடும்.